இரண்டரை டன் வேகம் எதற்கு?

குதிரைத்திறனை எண்ணியே பழகிவிட்ட கார் உலகத்தைத் தராசுப் பக்கம் திரும்பச் சொல்லும் ஒரு ரசிகனின் வாதம்

2024 ஜூலை 28. பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத் தளத்தில் ஜார்ஜ் ரஸ்ஸல் முதலாவதாக வந்தார். முன்வரிசைக்காரர்கள் இரண்டு முறை பிட்டுக்குள் போய் டயர் மாற்ற, இவர் ஒரே ஒரு முறை மாற்றிவிட்டு, தேய்ந்த ரப்பரோடு கடைசிவரை தாக்குப்பிடித்தார். பின்னால் முட்டிக்கொண்டு வந்த லூயிஸ் ஹாமில்டனால் முந்த முடியவில்லை. மேடை ஏறினார், கோப்பை வாங்கினார். அதன் பிறகு அதிகாரிகள் காரைத் தராசில் ஏற்றினார்கள். இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடை 798 கிலோ. மிச்சமிருந்த பெட்ரோலை வடித்துவிட்டுப் பார்த்தால் 796.5. ரஸ்ஸல் நீக்கப்பட்டார், வெற்றி ஹாமில்டன் கணக்கில் ஏறியது.

எண்ணூறு கிலோ காரில் ஒன்றரை கிலோவுக்கா இத்தனை ரகளை? ஃபார்முலா ஒன் பொறியாளர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: பத்து கிலோ கூடினால் சுற்றுக்கு 0.3 விநாடி நட்டம். ஸ்பாவில் 44 சுற்று. ஆரம்பத்திலிருந்தே ஒன்றரை கிலோ குறைவாக ஓடும் காருக்கு, கொடி விழும்போது ஏறத்தாழ இரண்டு விநாடி லாபம். ரஸ்ஸல் ஜெயித்ததோ அரை விநாடி வித்தியாசத்தில். ஒரே செட் டயரை நெடுநேரம் ஓட்டியதில் ரப்பர் தேய்ந்தே அந்த எடை போயிருக்கலாம் என்று பேசப்பட்டது. தராசுக்கு அந்த நியாயமெல்லாம் கிடையாது.

பந்தயம் நடத்துபவர்கள் எடைக்குக் கொடுக்கும் மரியாதையைக் கார் விற்பவர்கள் கொடுப்பதில்லை. நம் ஊரில் புதுக் கார் எடுத்தவரிடம் மைலேஜ் கேட்பார்கள், பிக்கப் எப்படி என்பார்கள், ஆன்ரோடு என்ன ஆச்சு என்பார்கள். எடை எவ்வளவு என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆர்.சி.யில் அச்சடித்துத்தான் இருக்கிறது. அந்த வரியைப் படிப்பவர்கள் லாரி வைத்திருப்பவர்கள் மட்டும். கார் பைத்தியங்களான எங்கள் கூட்டத்திலும் இதே கதைதான். ஒருவன் 400 குதிரைத்திறன் என்றால் அடுத்தவன் 600 என்பான். அந்தக் குதிரைகள் எவ்வளவு பாரம் இழுக்கின்றன என்ற கேள்வி வருவதற்குள் டீ வந்துவிடும்.

என் கட்சி இது. ஒரு வண்டியின் வேகம், அதை ஓட்டும் சுகம், பிரேக், டயர், பெட்ரோல் செலவு எல்லாவற்றையும் ஒருசேரத் தீர்மானிக்கும் எண் கிலோதான். குதிரைத்திறன் அதற்கு அப்புறம்.

எட்டரை விநாடி

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்கு வளையம் 20.832 கிலோமீட்டர். ஐஃபெல் மலைக்காட்டுக்குள் ஏறி, இறங்கி, எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகளில் திரும்பி வரும் பாதை. உலகத்தின் கார் நிறுவனங்கள் எல்லாம் தங்கள் பெருமையைச் சோதித்துக்கொள்ளும் இடம். 2025-ல் அங்கே பதிவான இரண்டு நேரங்களை அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

முதலாவது, கைபேசி விற்றுப் பெயர் வாங்கிய சீனாவின் ஷாவ்மி செய்த எஸ்யு7 அல்ட்ரா. மின்சாரக் கார்; மூன்று மோட்டார்; 1,548 குதிரைத்திறன்; நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட இரண்டு விநாடிகூட வேண்டாம் என்கிறது நிறுவனம். எடை 2,360 கிலோ. வளையத்தைச் சுற்றி வந்த நேரம் 7 நிமிடம் 4.957 விநாடி. இரண்டாவது, போர்ஷே 911 ஜிடி3. டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், கையால் மாற்றும் கியர், 510 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 1,450 கிலோ. நேரம் 6 நிமிடம் 56.294 விநாடி.

மூன்றில் ஒரு பங்கு சக்தி. எட்டரை விநாடி முன்னால். நேர்ப்பாதையில் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் போர்ஷேக்காரர் ஷாவ்மியின் பின்விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வளைவு வந்ததும் கணக்கு திரும்புகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். போர்ஷேக்குப் பின்னால் பல பத்தாண்டு பந்தய அனுபவம் இருக்கிறது. அதன் இறக்கைகள் காற்றைக் கொண்டே காரைத் தரையோடு அழுத்துகின்றன. டயரும் சாதாரண டயர் இல்லை. ஷாவ்மியோ நாலு கதவு வைத்த குடும்பக் கார். சீனாவில் 5,29,900 யுவானுக்கு விற்பனைக்கு வந்தது, போர்ஷேயின் விலைக்குப் பக்கத்தில்கூட நிற்காது. அந்தப் பணத்துக்கு அந்த நேரம் வியப்புதான். இருந்தும் ஆயிரம் குதிரைத்திறன் கூடுதலாக வைத்திருந்தும் அந்த எட்டரை விநாடியை அடைக்க முடியவில்லை என்பதை எடையை விட்டுவிட்டு எனக்கு விளக்கத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துப் பௌதிகம் போதும் இதற்கு. ஓடும் வண்டிக்குள் இருக்கும் ஆற்றல் எடைக்கு நேர்விகிதம். எடை இரு மடங்கானால், அதே வேகத்திலிருந்து நிற்க பிரேக் இரு மடங்கு வெப்பத்தை விழுங்க வேண்டும். டிஸ்க் பெரிதாகும், பெரிய டிஸ்க்குக்குப் பெரிய சக்கரம், பெரிய சக்கரத்துக்கு அகலமான டயர், தடித்த சஸ்பென்ஷன். இவை ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எடையைக் கூட்டும். அதை இழுக்க இன்னும் பெரிய எஞ்சின். வட்டிக்கு வட்டி ஏறும் கந்துக்கடன் மாதிரி, எடை எடையைக் கூட்டிக்கொண்டே வரும்.

டயரின் குணம் இன்னும் சுவாரசியம். காருக்கும் பூமிக்கும் இடையே இருக்கும் உறவெல்லாம் உள்ளங்கை அகலத்தில் நாலு ரப்பர்த் துண்டுகள்தான். மேலே அழுத்தம் கூடக் கூட அவற்றின் பிடிமானமும் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. பாரத்தை இரு மடங்காக்கினால் பிடிமானம் இரு மடங்குக்குக் கீழேயே நின்றுவிடும். கனமான கார் வளைவில் தோற்பது இந்த இடத்தில்தான். ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கணினி நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக விசையைப் பங்கிட்டுக் கொடுத்தாலும், ரப்பர் தன் இயல்பை மாற்றிக்கொள்ளாது.

எம்5-இன் இடுப்பு

ஒரே பெயரில் பல தலைமுறையாக வரும் கார்களை எடுத்துக்கொண்டால் நடந்தது என்னவென்று புரியும். பிஎம்டபிள்யூ எம்5 முதன்முதலில் வந்தது 1985-ல். 286 குதிரைத்திறன், ஏறத்தாழ 1,430 கிலோ. அலுவலகத்துக்கு ஓட்டிப் போகும் செடான் காரில் பந்தயக் காரின் எஞ்சினை வைத்த வண்டி. 2024-ல் வந்த எம்5-க்கு 727 குதிரைத்திறன்; எடை 2,435 கிலோ. பழைய எம்5-க்குள் ஒரு மாருதி 800-ஐயும் அதில் உட்கார ஐந்து பெரியவர்களையும் ஏற்றினால் வரும் எடை இது. சக்தி இரண்டரை மடங்கு ஆனது. ஒவ்வொரு டன்னுக்கும் கிடைக்கும் சக்தி ஒன்றரை மடங்குதான் ஆனது. மீதியெல்லாம் தன்னைத் தானே சுமப்பதற்கு.

இதற்கு முந்தைய எம்5 காம்படிஷனுக்கு 625 குதிரைத்திறன். நூறைத் தொட 3.3 விநாடி என்று நிறுவனமே சொன்னது. புதியதற்கு நூறு குதிரை கூடுதல், 3.5 விநாடி. பேட்டரியும் மோட்டாரும் சேர்த்ததற்குப் புகைக் கட்டுப்பாடு ஒரு காரணம். அதில் பிஎம்டபிள்யூவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் விளம்பரத்தில் 727 என்ற எண்தான் கொட்டை எழுத்தில் வருகிறது.

இன்றைய காரின் எடையைப் பற்றிப் பேசினால் உடனே வரும் பதில், பாதுகாப்பு. அது பாதி உண்மை. மோதினால் நசுங்கிக் கொடுக்கும் முன்பகுதி, ஏர்பேக், கதவுக்குள் இரும்புத் தண்டு எல்லாம் உயிரைக் காக்கின்றன. அந்தக் கிலோக்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை மற்ற கிலோக்களோடு. மோட்டார் வைத்துத் தானே மூடும் டிக்கி, முதுகு பிடித்துவிடும் சீட், கூரையின் உச்சியில் கண்ணாடிப் பலகை. சன்ரூஃபைப் பாருங்கள்: ஒரு காரில் எடையை எங்கே வைக்கக்கூடாதோ, மிகச் சரியாக அங்கே வைக்கிறார்கள். அதற்குக் கூடுதல் காசும் கொடுக்கிறோம். சென்னை வெயிலில் அதைத் திறந்து வைத்து ஓட்டுபவர் யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சாப்மனின் கணக்கும் கல்லறைகளும்

எடைக்கு எதிராக ஒரு மதமே நிறுவியவர் இங்கிலாந்தின் காலின் சாப்மன். கட்டுமானப் பொறியியல் படித்தவர். 1952-ல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எஞ்சினைப் பெரிதாக்கினால் நேர்ப்பாதையில் மட்டும் வேகம் கூடும், எடையைக் குறைத்தால் பாதையின் எல்லா இடத்திலும் வேகம் கூடும் என்பது அவர் கொள்கை. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் காரில் கதவு இல்லை, கூரை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. 1962-ல் வந்த லோட்டஸ் 25-இல் குழாய்களால் ஆன எலும்புக்கூட்டைத் தூக்கிவிட்டு, அலுமினியத் தகடுகளால் ஆன தொட்டியையே காரின் உடலாக்கினார். ஃபார்முலா ஒன்னில் மோனோகாக் வந்த கதை அது. அடுத்த ஆண்டு ஜிம் கிளார்க் அந்தக் காரில் உலக சாம்பியன். லோட்டஸ் மொத்தம் ஏழு முறை அணிகளுக்கான உலகப் பட்டம் வென்றது.

இந்த இடத்தில் என் கட்சிக்காரர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் மாற்றப்போவதில்லை. சாப்மனின் கார்கள் உடைந்தன. அந்த அணியில் ஓட்டியவர்கள் செத்தார்கள். 1968-ல் ஹாக்கன்ஹைமில் கிளார்க். 1970-ல் மோன்சாவில் யோகன் ரிண்ட். பிரேக் தண்டு முறிந்து இறந்த ரிண்டுக்கு அந்த ஆண்டின் உலகப் பட்டம் இறந்த பிறகே கிடைத்தது. லோட்டஸ் மட்டும் அல்ல. 1955 லெ மான்ஸில் மெர்சிடீஸ் 300 எஸ்எல்ஆர் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து எரிந்தபோது, எடை குறைக்கப் பயன்படுத்திய மெக்னீசியக் கலவை உடல் தீயை இன்னும் மூர்க்கமாக்கியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1986-ல் கோர்சிகா ரேலியில் லான்சியா டெல்டா எஸ்4 பள்ளத்தில் விழுந்து எரிந்து ஹென்றி டோய்வனெனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். தொள்ளாயிரம் கிலோகூட இல்லாத உடலில் ஐந்நூறு குதிரைத்திறனை ஒட்டி அடைத்த கார். அந்த ஆண்டோடு குரூப் பி ரேலி முடிவுக்கு வந்தது.

ஆகவே லேசாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. லேசானதும் உறுதியானதும் ஒரே பொருளில் சேர வேண்டும். அது நடந்தது 1981-ல். ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் எம்பி4/1, கார்பன் ஃபைபரில் உடல் செய்த முதல் ஃபார்முலா ஒன் கார். மோதினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் என்று பலர் பயந்தார்கள். அதே ஆண்டு மோன்சாவில் ஜான் வாட்சன் அதை அதிவேகத்தில் சுவரில் அடித்தார். எஞ்சின் பிய்த்துக்கொண்டு ஓடியது. வாட்சன் இறங்கி நடந்து போனார். பேச்சு அடங்கியது.

அந்தப் பாடத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த கார்டன் மர்ரே. 1992-ல் அவர் காட்டிய மெக்லாரன் எஃப்1-ஐத்தான் இதுவரை செய்யப்பட்ட சாலைக் கார்களில் தலையாயது என்பேன். இதில் என்னோடு வாதாட வருபவர் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். 1,138 கிலோ. ஓட்டுநர் சீட் நட்டநடுவில், இரண்டு பக்கமும் சற்றுப் பின்தள்ளி இரண்டு பயணிகள். பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை, டர்போ இல்லை. எஞ்சின் அறைச் சுவரில் வெப்பத்தைத் திருப்பியனுப்ப உண்மையான தங்கத் தகடு. பந்தயத்துக்காகச் செய்யப்படாத இந்தக் கார் 1995-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை முதல் முயற்சியிலேயே வென்றது. 1998-ல் மணிக்கு 386 கிலோமீட்டரைத் தொட்டு, ஏழு ஆண்டு அசைக்க முடியாத சாதனை வைத்தது. 2005-ல் வந்த புகாட்டி வேய்ரான் 1,001 குதிரைத்திறனும் நாலு டர்போவும் பத்து ரேடியேட்டரும் வைத்துக்கொண்டு மெக்லாரனை முந்தியது. இரண்டையும் பொறியியல் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றைப் பார்த்தால் கைதட்டத் தோன்றுகிறது, இன்னொன்றைப் பார்த்தால் பில் யார் கட்டுவது என்று தோன்றுகிறது.

சாப்மன் 1982-ல் மறைந்தார். 1996-ல் அவருடைய நிறுவனம் 725 கிலோ எடையில் எலீஸ் என்ற சின்னக் காரைக் கொண்டுவந்தபோது அவர் கொள்கை பிழைத்திருந்தது. 2021-ல் எலீஸ் நின்றது. மறு ஆண்டு அதே லோட்டஸ் பெயரில், சீனாவின் ஜீலியின் உடைமையாக, எலெட்ரா என்ற மின்சார எஸ்யூவி வந்தது. எடை இரண்டரை டன். சாப்மன் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

கோவையில் பிறந்த சின்ன கார்

இந்தக் கொள்கை இங்கிலாந்துக்குத்தான் சொந்தம் என்று நினைத்தால் தவறு. நம் பக்கத்தில் அதைப் புரிந்துகொண்டவர் கோவையின் எஸ். கரிவரதன்.

அதற்கு முன்னால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்கு ஊரே திரண்டு போனது. ஃபியட், ஹெரால்டு, அம்பாசிடர் எல்லாம் சைலன்சரைக் கழற்றிவிட்டு அலறிய இடம். ஓடுதளம் என்பதால் நீண்ட நேர்ப்பாதை; பெரிய எஞ்சின் வைத்திருப்பவர் பாடு கொண்டாட்டம். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். பணம் உள்ளவர் வெளிநாட்டுக் காரை இறக்கினால் மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் மோதிக்கொள்ள வேண்டும்.

ஜவுளித் தொழில் குடும்பத்தில் பிறந்த கரிவரதனிடமும் வசதி இருந்தது. அவர் அதை வேறு விதமாகச் செலவழித்தார். தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டிருந்த மாருதி 800-இன் எஞ்சினை எடுத்தார். மூன்று சிலிண்டர், 796 சிசி, நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாத எஞ்சின். அதை ஒற்றை இருக்கை கொண்ட லேசான பந்தய உடலில் பொருத்தினார். 1988-ல் பிறந்த ஃபார்முலா மாருதி அதுதான். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே எஞ்சின். வித்தியாசம் ஓட்டுபவரின் காலிலும் கையிலும் மட்டும். இந்தியாவில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக இருந்ததை விளையாட்டாக மாற்றியதில் இந்தச் சின்ன காருக்கு இருக்கும் பங்கு வேறெந்தக் காருக்கும் இல்லை என்பது என் எண்ணம். நரேன் கார்த்திகேயன் தொடங்கியது ஃபார்முலா மாருதியில். 1996-ல் ஃபார்முலா ஏஷியா பட்டம், 2005-ல் ஜோர்டான் அணியில் முதல் இந்திய ஃபார்முலா ஒன் ஓட்டுநர் என்று அவர் போன பாதையின் முதல் படி அது.

1995-ல் சிறிய விமானம் ஒன்று விழுந்து கரிவரதன் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குறுகலான, வளைவுகள் நெருக்கமாக வரும் தளம். பெரிய எஞ்சினுக்கு மூச்சு விடவே அங்கே இடம் கிடையாது. 1,300 சிசி மாருதி எஞ்சின் வைத்த எல்ஜிபி ஃபார்முலா கார்கள் அதில் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடும்போது பாருங்கள்: சில சுற்றுகளில் முதல் இடம் இரண்டு மூன்று முறை கை மாறும். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் தளத்தில் பெரிய கார்களின் அழகு தனி. இருந்தும், பந்தயம் என்றால் என்னவென்று ஒரு பிள்ளைக்குக் காட்ட வேண்டுமானால் நான் செட்டிபாளையத்துக்குத்தான் கூட்டிப்போவேன்.

இன்னொரு தகவல். லோட்டஸ் செவனின் உரிமையை வாங்கி இன்றும் அதைச் செய்துவரும் கேட்டர்ஹாம் நிறுவனம், 2021-ல் செவன் 170 என்ற காரைக் கொண்டுவந்தது. மூன்று சிலிண்டர் சுசுகி எஞ்சின், 660 சிசி, டர்போ வைத்து 84 குதிரைத்திறன், 440 கிலோ. உலகப் பத்திரிகைகள் ஆகா ஓகோ என்றன. சின்ன சுசுகி எஞ்சினை லேசான உடலில் வைத்தால் என்ன ஆகும் என்பது கோயம்புத்தூருக்கு அதற்கு முப்பது வருடம் முன்பே தெரியும்.

ஈயக்கட்டியின் நீதி

பந்தயத்தில் எடைக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இன்னொரு சாட்சி, தண்டனை. ஜப்பானின் சூப்பர் ஜிடி போன்ற தொடர்களில் ஒரு கார் ஜெயித்துக்கொண்டே போனால் மற்றவர்களுக்கும் வாய்ப்பு வர வேண்டும் என்று அதில் எடை ஏற்றுவார்கள். புள்ளி கூடக் கூட பாரமும் கூடும். ஜெயித்தவனின் எஞ்சினைப் பிடுங்குவதைவிட அவன் முதுகில் மூட்டை வைப்பது எளிது. சென்ற வாரம் முன்வரிசையில் நின்ற கார் இந்த வாரம் நடுக்கூட்டத்தில் திணறும், எஞ்சின் அதேதான்.

இப்படி எடையை மருந்து மாதிரி அளந்து கொடுக்கும் உலகத்தின் தலைமைப் பந்தயமே குண்டாகிப்போனதுதான் வேடிக்கை. 2008-ல் ஃபார்முலா ஒன் காரின் குறைந்தபட்ச எடை ஓட்டுநரோடு சேர்த்து 605 கிலோ. 2025-ல் 800. இருநூறு கிலோ எங்கிருந்து வந்தது? ஹைபிரிட் எஞ்சின், பேட்டரி, பெரிய சக்கரம், நீண்டுபோன உடல். தலைக்கு மேல் வளையும் டைட்டேனியம் ஹேலோ மீது பழி போடுபவர்கள் உண்டு. அது மொத்தமே பத்து கிலோவுக்குள். 2020-ல் பஹ்ரைனில் ரொமெய்ன் குரோஜானின் கார் தடுப்பைப் பிளந்து இரண்டாக முறிந்து எரிந்தபோது, அவர் தலை தப்பியது அந்த வளையத்தால். மற்ற கிலோக்கள் அவ்வளவு புண்ணியம் செய்தவை அல்ல.

விளைவை மொனாக்கோவில் பார்க்கலாம். ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் கொண்ட கார்களுக்கு அந்தச் சந்துகளில் ஒன்றை ஒன்று முந்த இடமே இருக்கவில்லை; ஊர்வலம் போயின. 2025-ல் எல்லாரும் கட்டாயம் இரண்டு முறையாவது டயர் மாற்ற வேண்டும் என்று விதி போட்டார்கள். சில அணிகள் ஒரு ஓட்டுநரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டவிட்டு, பின்னால் வந்தவர்களை அடைத்து, தங்கள் இன்னொரு ஓட்டுநருக்கு வழி செய்தன. கார் பெருத்துப்போனதற்கு டயர் விதியில் வைத்தியம் தேடினால் இப்படித்தான் ஆகும். 2026 விதிகள் நல்ல சேதி: எடை 768 கிலோவாகக் குறைகிறது, அச்சுகளுக்கு இடையிலான நீளம் 3.6 மீட்டரிலிருந்து 3.4 ஆகிறது, அகலம் பத்து சென்டிமீட்டர் சுருங்குகிறது. ஃபார்முலா ஒன் தன் எடையை விதி போட்டு இவ்வளவு குறைத்ததை என் நினைவில் நான் பார்த்ததில்லை. அதோடு சக்தியில் பாதியை மின்மோட்டாருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பேட்டரி வேண்டும். பேட்டரிக்கு எடை உண்டு. இடது கையால் குறைத்து வலது கையால் ஏற்றும் வேலை.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருப் பந்தயம் இரவு வெளிச்சத்தில் நடந்ததே, நினைவிருக்கிறதா? மிக்ஜாம் புயலால் முந்தின டிசம்பரில் தள்ளிப்போய், நீதிமன்றப் படியேறி இறங்கி ஒருவழியாக நடந்தது. அரசுப் பணம் செலவானது சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அங்கே ஓடிய இந்தியன் ரேசிங் லீக் கார்களை மட்டும் சொல்கிறேன். இத்தாலியின் வுல்ஃப் நிறுவனம் செய்தவை. உள்ளே இருப்பது அப்ரிலியா மோட்டார் சைக்கிளின் எஞ்சின். எடை நானூறு கிலோவுக்குள். சிவானந்தா சாலையில் அதைப் பார்த்தவர்கள் யாரும் எஞ்சின் சின்னது என்று குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, இதுவரை பந்தயமே பார்க்காதவர்களும் என்னிடம் போர்ஷே பற்றிக் கேட்கிறார்கள். ரொம்ப நல்லது. அந்த 911 ஜிடி3 கப் காருக்கும் கடையில் விற்கும் ஜிடி3-க்கும் குதிரைத்திறன் ஒன்றுதான், 510. கப் காரின் எடை 1,260 கிலோ. கம்பளம், ஏசி, சத்தத் தடுப்பு எல்லாம் கழன்று போன வித்தியாசம் அது.

பேட்டரிக்காரர்களோடு ஒரு பேச்சு

மின்சாரக் கார் வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. நகரத்துக்குள் ஓட்ட அதைவிட நல்லது இல்லை. எடை தரையோடு தரையாக இருப்பதால் சாய்வு குறைவு; கால் வைத்த கணத்தில் இழுவை. ஆனால் பெர்ஃபார்மன்ஸ் கார் என்ற பெயரில் விற்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறுபது லிட்டர் பெட்ரோலின் எடை நாற்பத்தைந்து கிலோ; ஓட ஓட அது குறையும். பெரிய மின்சாரக் காரின் பேட்டரி அறுநூறு கிலோவை ஒட்டி வரும்; காலியானாலும் ஒரு கிராம் குறையாது. நூறைத் தொட இரண்டு விநாடி என்பது வயிற்றைக் கலக்கும் அனுபவம்தான், ஒத்துக்கொள்கிறேன். நண்பர்களை ஏற்றிக் காட்டலாம். பிறகு? மூன்றாவது நண்பரோடு அந்த வித்தை தீர்ந்துவிடும். வளைவில் ஸ்டீயரிங் வழியே சாலை கைக்குப் பேசுவதும், பிரேக்கை விடும் நேரத்தில் வண்டியின் மூக்கு உள்ளே திரும்புவதும் அப்படித் தீர்வதில்லை.

பேட்டரி லேசாகும் நாள் வந்தால் என் வாதத்தில் பாதி கரைந்துவிடும். அந்த நாளில் முதல் ஆளாக மின்சாரக் காருக்கு வரிசையில் நிற்பேன். அதுவரை, இரண்டரை டன் இரும்பை இரண்டு விநாடியில் எறிவதை வலிமை என்பேன்; வேகக் கார் என்று சொல்ல வாய் வரவில்லை.

நம் மலைப்பாதையில்

இதெல்லாம் ஜெர்மனிக்கும் மொனாக்கோவுக்கும் சரி, கொல்லிமலையில் என்ன என்று கேட்கலாம். கொல்லிமலையில்தான் இது மிகச் சரி. எழுபது கொண்டை ஊசி வளைவு. அங்கே 300 குதிரைத்திறன் எஸ்யூவி ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கைக் கதறவிட்டு, திரும்பி, முறுக்கி, அடுத்த வளைவுக்குள் மறுபடி பிரேக் போடும். இறங்கும்போது சக்கரத்திலிருந்து கருகிய வாசனை வரும். நான் வெகுகாலம் வைத்திருந்தது ஒரு பழைய எஸ்டீம். 1,300 சிசி, தொள்ளாயிரம் கிலோவுக்கும் குறைவு. பந்தயத் தளங்களில் ஒரு தலைமுறையே ஓட்டிப் பழகிய கார். ஏற்காடு ஏறும்போது இரண்டாவது கியரில் அது காட்டிய உற்சாகத்தை, பிறகு நான் ஓட்டிய எந்தப் பெரிய காரிலும் பார்க்கவில்லை. வேகமானியில் ஐம்பதுகூட இருக்காது. சிரிப்பு மட்டும் நூற்றைம்பதில் இருக்கும்.

லேசான காரின் பெரிய வரம் இதுதான்: அதன் ருசி குறைந்த வேகத்திலேயே கிடைக்கும். கனமான சக்தி மிகுந்த கார் விழித்துக்கொள்ளவே நூற்றைம்பது வேண்டும். அந்த வேகத்தை ஈசிஆரில் தேடிப் போகிறவர்கள் யாருடைய உயிரையாவது வாங்கிவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

நியாயமான விலையில் இப்படி ஒரு கார் இல்லாமலா போயிற்று? சுசுகி செய்தது. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: 1,400 சிசி டர்போ, 140 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்குள். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் விற்றது. சாதாரண ஸ்விஃப்டை லட்சக்கணக்கில் வாங்கும் நம் நாட்டுக்கு மட்டும் வரவில்லை. வந்திருந்தாலும் வாங்க ஆள் இருந்திருக்குமா என்று கார்க் கடைக்காரர்கள் கேட்பார்கள். அதே பணத்துக்கு உயரமான எஸ்யூவி கிடைக்கும்போது தாழ்வான சின்ன காரை வீட்டில் யார் ஒத்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் வாதம். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

டியூனிங் செய்யக் கிளம்பும் இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்டால் இப்படிச் சொல்வேன். முதலில் நல்ல டயர். பிறகு பிரேக் பேடும் பிரேக் ஆயிலும். பிறகு டிக்கியைத் திறந்து, தேவையில்லாமல் ஊர் ஊராகச் சுமந்துகொண்டிருக்கும் சாமான்களை, முக்கியமாக நாற்பது கிலோ சப்வூஃபர் பெட்டியை, வீட்டில் இறக்கிவை. அடுத்து, செட்டிபாளையத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ பயிற்சி நாளுக்குப் பணம் கட்டு. எஞ்சினில் கை வைப்பது கடைசி. பெரும்பாலும் நாலாவது படி முடிந்ததும் ஐந்தாவதற்கான ஆசை போய்விடும். மெக்கானிக் கடைகளில் இந்த யோசனைக்கு வரவேற்பு இல்லை. டிக்கியைக் காலி செய்வதற்குப் பில் போட முடியாது பாருங்கள்.